இருபத்து மூன்று மறுப்புகள்

வலக்கைக் கட்டைவிரலால் ஒருவர் செய்யக்கூடிய தீங்கு மிகச் சிறியதாகத்தான் இருக்கும் என்று திலகராணி நெடுங்காலம் நம்பியிருந்தாள். அவள் பார்த்த உத்தியோகம் அத்தகையது. கோவில்பட்டி ஆள்மெய்ப்பு நிலையத்தின் இரண்டாம் சாளரத்தில் அமர்ந்து, நாளொன்றுக்கு எண்பது பேருடைய கட்டைவிரல்களைக் கண்ணாடித் தகட்டின்மேல் பதியச் செய்து, வந்திருப்பவர் மெய்யான மனிதரே என்று சான்றளிப்பது அவளுடைய பணி. பதினான்கு ஆண்டுகளாக அதனைப் பிழையின்றிச் செய்துவந்தாள்.

மனிதருக்கு மனிதர் என்று சான்று எதற்கு என்னும் கேள்வி எல்லோருக்கும் எழுவதுதான். ஒருநாள் காலையில் வந்து நின்ற டயர் கடைக்காரர் சுடலைமுத்துவுக்கும் எழுந்தது.

"நான் மனுசன்தாம்னு நீங்க எழுதிக் குடுத்தாத்தான் ஆச்சா, தாயி? எம் பொண்டாட்டிகிட்ட மட்டும் கேட்டுராதீங்க. அவ வேற மாதிரி எழுதிக் குடுப்பா."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தனர். திலகராணியும் சிரித்துவிட்டு, வழக்கமான விளக்கத்தைத் தொடங்கினாள். முன்பெல்லாம் தேடுபொறியில் ஒரு சொல்லை இட்டால் ஆயிரம் வலைப்பக்கங்கள் வந்து விழும்; இப்போதும் விழுகின்றன; ஆனால் அவற்றுள் பெரும்பகுதி இயந்திரம் எழுதியது, யாரும் வாழ்ந்து பார்க்காதது, பாதி பொய். மனிதர் எழுதிய நல்ல பக்கங்கள் அந்தக் குப்பைக்குள் எங்கோ புதைந்து கிடக்கின்றன. அவற்றைத் தோண்டி எடுக்க இன்னொரு மனிதருடைய கண்தான் வேண்டும் என்று கண்டுபிடித்தவர்கள் 'ஒத்தார்' என்ற இந்த ஏற்பாட்டை அமைத்தார்கள்.

"உங்க ருசி இந்த நாட்டுல யாரோ ஒருத்தருக்கு அப்படியே இருக்கும், அண்ணாச்சி. அவருதான் உங்க ஒத்தாரு. அவரு கடைசி வரைக்கும் படிச்சு, பிடிச்சிருக்குன்னு சொன்ன பக்கம் மட்டும் உங்களுக்கு வரும். நீங்க படிச்சது அவருக்குப் போவும்."

"அவரு யாரு எவருன்னு தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் கூடாது. பேச்சுவார்த்தை கிடையாது. பக்கம் மட்டுந்தான்."

"அப்ப எங்க கல்யாணம் மாதிரித்தான்," என்றார் சுடலைமுத்து.

திலகராணி கடைசியாக ஒரு விதியையும் சொன்னாள். அதைச் சொல்லாமல் எவருக்கும் சான்று கொடுத்ததில்லை. ஓர் ஆளுக்கு ஒரு கணக்கு. கணக்கை வீட்டில் வேறு எவர் கையிலும் கொடுக்கலாகாது. கொடுத்தால் ருசி கலங்கிப்போய், யாரோ ஒருவருக்குத் தவறான ஒத்தார் அமைந்துவிடுவார். இதை அவள் அழுத்தந்திருத்தமாகவும், சற்றுக் கண்டிப்போடும் சொன்னாள். சுடலைமுத்து பணிவாகத் தலையாட்டிக்கொண்டு போனார்.

இவ்வாறு ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்னவளுடைய வீட்டில் நான்கு பேர் ஒரே கணக்கை வைத்திருந்தார்கள்.

இதைப் பெரிய மோசடி என்று அவர்களில் யாரும் எண்ணவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு குடும்ப அட்டை, ஓர் எரிவாயு இணைப்பு, ஒரு டி.வி. என்று பழகியவர்களுக்கு, ஒரே கூரையின்கீழ் இருப்பவர்கள் தனித்தனியாகக் கணக்கு வைத்துக்கொள்வது ஏதோ பாகப்பிரிவினை போல் தோன்றியது. காலையில் திலகராணி தன் கட்டைவிரலைப் பதித்து டேப்பைத் திறந்துவைப்பாள். அது அன்று முழுவதும் திறந்தே இருக்கும். மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்த அவள் கணவன் வேல்சாமி, வேலைக்குக் கிளம்புமுன் பழைய பம்புசெட்டுகளைப் பற்றியும் சேவல் வளர்ப்பைப் பற்றியும் படிப்பான். கல்லூரியில் படிக்கும் மகள் யாழிசை மாலையில் விண்மீன் படங்களைப் பார்ப்பாள். திலகராணி கல்வெட்டுகளைப் பற்றிய கட்டுரைகளைப் படிப்பாள். பாதி புரியாது, ஆயினும் படித்து முடிப்பாள். இடைப்பட்ட நண்பகல் நேரத்தில் டேப் வேல்சாமியின் தங்கை செண்பகவல்லியிடம் இருக்கும்.

செண்பகவல்லிக்கு வயது முப்பத்தெட்டு. மணமாகவில்லை. ஜாதகம் பொருந்தவில்லை என்று சில ஆண்டுகளும், பொருந்தியவர்கள் திரும்பி வரவில்லை என்று சில ஆண்டுகளும் கழிந்தபின், அந்தப் பேச்சே வீட்டில் நின்றுபோயிற்று. முன்னறையில் மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்துவந்தாள். மயில் கழுத்தின் நிறமாற்றத்தை ஜரிகையிலும் பாசியிலும் அவள்போல் கொண்டுவருபவர் அந்த வட்டாரத்தில் இல்லை. அண்ணன் வீட்டில் தான் பாரமாக இல்லை என்று அவள் தலைநிமிர்ந்து இருந்ததற்கு அந்த ஊசி ஒன்றே ஆதாரம். அவள் டேப்பில் பூவேலை மாதிரிகளைத் தவிர வேறெதுவும் பார்ப்பதில்லை என்றே திலகராணி எண்ணியிருந்தாள். எண்ணியிருந்தாளே தவிர, கேட்டதில்லை.

ஒத்தாரோடு உள்ள பொருத்தத்தை ஏற்பாடே கணக்கிட்டு நூற்றுக்கு இத்தனை என்று காட்டும். எழுபது வந்தால் சிறப்பு. திலகராணிக்குத் தொண்ணூற்றொன்று. நிலையத்தில் உள்ள வேறெவருக்கும் எண்பதைத் தாண்டவில்லை. பம்புசெட்டும் சேவலும் விண்மீனும் கல்வெட்டும் பூவேலையும் ஒருசேர விரும்புகின்ற ஒரு மனிதர் எங்கோ இருக்கிறார் என்றால், அவர் எத்தகைய மேதையாக இருக்க வேண்டும் என்று சக ஊழியர்கள் வியந்தார்கள். திலகராணி அடக்கமாகப் புன்னகை செய்வாள். அந்தத் தொண்ணூற்றொன்றை அவள் தன் சொந்தத் தகுதியாகவே நினைக்கத் தொடங்கியிருந்தாள்.

அந்த ஆண்டு கார்த்திகையில்தான் கண்ணைப் பற்றிய பக்கங்கள் வரத் தொடங்கின.

ஒத்தாரிடமிருந்து நாளுக்குப் பன்னிரண்டு பக்கங்கள் வரும். அவற்றில் ஒன்றாக முதலில் வந்தது, பக்கப்பார்வை எவ்வாறு ஓசையின்றிக் குறைகிறது என்று ஒரு பெண்மணி தன் அனுபவத்தை எழுதிய குறிப்பு. பிறகு கண்ணுக்குள் அழுத்தம் பார்க்கும் சோதனையைப் பற்றி ஒன்று. பிறகு, நூற்கண்டுகளை நிறம் தெரியாமல் தொட்டே அடையாளம் காணும்படி பெட்டியில் அடுக்குவது எப்படி என்று ஒன்று. திலகராணி முதல் சில நாட்கள் அவற்றைக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் ஒருநாள் காலையில் அவள் பார்த்தபோது பொருத்தம் தொண்ணூற்றொன்றிலிருந்து எண்பத்தொன்பதுக்கு இறங்கியிருந்தது. வருகின்றவற்றில் ஒன்றிரண்டைப் படிக்காமல் விட்டாலும் அப்படித்தான் இறங்கும்.

வேல்சாமியிடம் கேட்டாள். தனக்குப் பருந்துக் கண் என்றான். யாழிசையிடம் கேட்டாள். அவள் இல்லையென்று உதட்டைப் பிதுக்கினாள். யாரோ தவறுதலாகத் தொட்டிருப்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டு ஒத்தார் அனுப்புகிறார் என்று முடிவு கட்டினாள். செண்பகவல்லி அந்நேரம் அடுத்த அறையில், ஐந்தடி தொலைவில், சட்டத்தின்மேல் குனிந்து இருந்தாள்.

பக்கத்தை மறுக்க ஒரு வழி உண்டு. 'வேண்டாம்' என்ற இடத்தில் கட்டைவிரலை மறுபடி பதிக்க வேண்டும். கணக்குக்கு உரியவர் மட்டுமே அதைச் செய்ய இயலும். பதித்தவுடன் பக்கம் மறைந்துவிடும், பொருத்தமும் குறையாது. திலகராணி ஒவ்வொரு காலையும் வேலைக்குப் புறப்படுமுன், வருகின்ற கண் பக்கங்களை அவ்வாறு அகற்றிவிட்டுத்தான் டேப்பை மேசைமேல் வைத்தாள். இயல்பாக மூன்று நான்கு மறுப்புகளிலேயே ஒரு பொருள் வருவது நின்றுவிடும். இது நிற்கவில்லை. மறுபக்கத்தில் இருந்தவர் ஒன்றை மறுத்தால் இன்னொன்றைத் தேடிப் படித்து அனுப்பிக்கொண்டே இருந்தார். என்ன பிடிவாதம் இது என்று அவள் எரிச்சலடைந்தாள். மார்கழி முடியும் தறுவாயில் ஒருவழியாக அவை ஓய்ந்தன. பொருத்தம் மீண்டும் தொண்ணூற்றொன்றுக்கு ஏறிற்று. அன்று நிலையத்தில் எல்லோருக்கும் அவள் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தாள்.

அதன்பின் ஏழெட்டு மாதங்களில் வீட்டில் நிகழ்ந்தவற்றை எல்லாம் பிற்பாடு திலகராணி ஒன்றன்பின் ஒன்றாக நினைத்துப் பார்த்தாள். நிகழ்ந்தபோது அவை வெறும் எரிச்சல்களாகவே இருந்தன. செண்பகவல்லி நிலைக்கதவில் தோளை இடித்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டாள். ஒரு வாடிக்கைக்காரி, மயிலின் ஒரு பக்கத் தோகை ஒழுங்காகவும் மறுபக்கம் கோணியும் இருக்கிறது என்று ரவிக்கையைத் திருப்பிக் கொண்டுவந்தாள். "கண்ண எங்க வச்சிருக்க? பின்னாலயா?" என்று திலகராணி இரண்டு முறையாவது கேட்டிருக்கிறாள். செண்பகவல்லி சண்டைக்கு நிற்பவள்தான். வேறு சமயமாக இருந்தால், "ஆமா மதினி, முன்னால உங்களப் பாக்க முடியாமத்தான் பின்னால வச்சிருக்கேன்" என்பாள். அந்த மாதங்களில் அவள் எதிர்ச்சொல் சொல்லவில்லை. பெண் ஒருவழியாக அடங்கிவிட்டாள் என்று திலகராணி நினைத்துக்கொண்டாள்.

ஆவணி மாதத்தில் ஒரு முற்பகல், நூல் வாங்கக் கடைவீதிக்குப் போன செண்பகவல்லி இடப்பக்கமாக வந்த ஷேர் ஆட்டோவைப் பார்க்காமல் சாலையில் கால் வைத்தாள். ஆட்டோ மெதுவாக வந்ததால் உயிருக்கு ஒன்றுமில்லை. மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்ட மருத்துவர், வெயில் பளீரென்று அடிக்கையில் இவ்வளவு பெரிய மஞ்சள் வண்டியை ஒருவர் எப்படிப் பார்க்காமல் இருக்க முடியும் என்று ஐயுற்று, கண் மருத்துவரிடம் அனுப்பினார்.

கண் மருத்துவர் நடுத்தர வயதுப் பெண். சோதனைகள் முடிய மூன்று மணி நேரம் ஆயிற்று. கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிடும் நோய் என்றும், வலி இருக்காது, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி இருள் வருவதால் நோயாளிக்கே எளிதில் தெரியாது என்றும் விளக்கினார். இடது கண்ணில் ஏறக்குறைய ஒன்றும் மிச்சமில்லை. வலது கண்ணில் ஒரு குழாய் வழியே பார்ப்பதுபோல் நடுப்பகுதி மட்டும் நிற்கிறது. சொட்டு மருந்தால் இருப்பதைக் காப்பாற்றிவிடலாம். போனதைக் கொண்டுவர முடியாது.

"போன வருசக் கடைசியில வந்திருந்தா?" என்று கேட்டான் வேல்சாமி. கேட்டிருக்க வேண்டியதில்லை.

மருத்துவர் சோதனைத் தாளை மறுபடி பார்த்தார். உறுதியாக எதுவும் சொல்ல இயலாது என்றார். பிறகு, இடது கண்ணில் பாதியையாவது நிறுத்தியிருக்கலாம் என்றார்.

அன்று பிற்பகல் வீட்டில், கட்டிலில் சாய்ந்திருந்த நாத்தனாருக்குத் திலகராணி கஞ்சி கொடுத்தாள். எப்போதிலிருந்து இப்படி, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டாள். கோபத்தோடுதான் கேட்டாள். அப்போது அவளுக்கு எதுவும் தெரியாது.

"போன கார்த்திகையில இருந்தே ஓரமெல்லாம் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு, மதினி," என்றாள் செண்பகவல்லி. "சொன்னா சட்டத்த மடக்கி வைக்கச் சொல்லுவீங்க. அப்புறம் நான் இந்த வீட்டுல என்னத்தப் பண்ண? சும்மா உக்காந்து சாப்பிடவா? அதான் டேப்புல எடுத்துப் படிச்சேன். படிச்சதும் உங்க ஒத்தாரு அதே மாதிரிப் பக்கமா அனுப்ப ஆரம்பிச்சாரு. அதுல ஒண்ணுல எந்த ஆஸ்பத்திரியில போய் என்ன கேக்கணும்னு இருந்துச்சு. பொங்கல் கழிச்சுப் போகணும்னு தேதிகூடக் குறிச்சு வச்சேன்."

"அப்புறம் ஏன் போகல?"

"பக்கம் வாரது நின்னுருச்சுல்ல. திடீர்னு ஒண்ணுமே வரல. நம்மள மாதிரியே இருக்கிற ஆளு, எல்லாம் படிச்ச ஆளு, அவரே அனுப்பறத நிறுத்திட்டாருன்னா இதுல பயப்பட ஒண்ணும் இல்லன்னுதானே அர்த்தம்? எனக்கு அம்புட்டு நிம்மதி, மதினி. இது வயசுக்கோளாறுன்னு விட்டுட்டேன்."

திலகராணி கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். கஞ்சி ஆறிவிட்டது, சூடாக்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனாள்.

மறுநாள் நிலையத்தில் உணவு இடைவேளையின்போது தன் கணக்கின் பதிவேட்டைத் திறந்தாள். கார்த்திகை பத்தொன்பது முதல் மார்கழி இருபத்தேழு வரை இருபத்து மூன்று மறுப்புகள். ஒவ்வொன்றின் எதிரிலும் காலை நேரமும், அவளுடைய கட்டைவிரலின் ரேகைப்படமும் இருந்தன. அதே ரேகை இருபத்து மூன்று முறை. ஒரு காலை மூன்று பக்கங்களை நான்கே நொடிகளில் மறுத்திருந்தாள்.

அவற்றுக்குக் கீழே இன்னொரு பதிவு இருந்தது. அது ஒரு நலவினா. ஒத்தாரோடு பேச வழியில்லாவிட்டாலும், அவருக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டதோ என்று அஞ்சுபவர், ஆண்டுக்கு ஒரு முறை ஆள்மெய்ப்பு நிலையத்துக்கு எழுதிக் கேட்கலாம். நிலையத்தார் உரியவரை விசாரித்து, நலம் அல்லது நலமில்லை என்று பதில் அனுப்புவார்கள். தை மாதத்தின் முதல் வாரத்தில் அத்தகைய வினாவொன்று அவளுடைய சாளரத்துக்கே வந்தது. திரையில் தன்னுடைய கணக்கு எண்ணையே கண்டு திடுக்கிட்டாள். முதல் வரியில் 'ஒரே கணக்கை ஐந்து பேர்' என்ற சொற்கள் இருந்தன. தன் வீட்டு விவகாரத்தை எவரோ மேலிடத்துக்குப் போட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று பதறி, மேற்கொண்டு ஒரு வரியும் படியாமல், 'பயனர் நலம்' என்று பதிலிட்டு மூடிவிட்டாள். அதன்பின் ஒருவரும் ஏதும் கேட்கவில்லை. பத்து நாட்கள் பயந்திருந்து, பிறகு மறந்துபோனாள்.

இப்போது அதைத் திறந்து முழுவதும் படித்தாள்.

"மதிப்புக்குரியீர், எங்கள் வீட்டில் ஒரே கணக்கை ஐந்து பேர் பயன்படுத்துகிறோம். இது விதிக்கு மாறானது என்று தெரியும். என்ன தண்டனையோ அதை ஏற்றுக்கொள்கிறேன். இதைச் சொல்லாவிட்டால் மேற்கொண்டு நான் சொல்வது உங்களுக்கு விளங்காது. எங்கள் ஒத்தாருடைய ருசி எங்கள் ஐந்து பேருடைய ருசியையும் ஒத்திருக்கிறது. தனி ஒரு மனிதருக்கு அப்படி அமையாது. ஆகவே அங்கேயும் ஒரு வீடுதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த வீட்டில் யாரோ ஒருவருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு அப்படித்தான் போயிற்று. அவர் படித்த பக்கங்களின் வரிசை நான் படித்த அதே வரிசை. அவர் இன்னும் மருத்துவரைப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் படிக்கும் பக்கங்கள் வேறு. நான் அனுப்புவதை அங்கே வேறு எவரோ மறுக்கிறார்கள். தயவுசெய்து ஒரு முறை அந்த வீட்டுக்குப் போய் எல்லோரையும் தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டத்தில் கேட்டால் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. இப்படிக்கு, அ. மரியபுஷ்பம், ஐஸ் கம்பெனிக் குடியிருப்பு, தங்கச்சிமடம்."

மேதை என்று அவள் மெச்சிக்கொண்டிருந்தவர் ஒரு வீடு. மீன் வலையும் ஐஸ் கட்டியும் உள்ள ஏதோவொரு வீட்டில் ஐந்து பேர், தன் வீட்டு நான்கு பேரைப்போலவே ஒரு டேப்பைக் கைமாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இரு வீட்டுக்கும் இருந்த வேறுபாடு ஒன்றுதான். அந்த வீட்டுப் பெண், முன்பின் அறியாத ஒருவருடைய கண்ணுக்காகத் தன் குற்றத்தை எழுதிக் கையொப்பமிட்டாள். இந்த வீட்டுப் பெண், சொந்த நாத்தனாரின் கண் போகையில், தன் குற்றம் வெளிப்படாதிருக்க இரண்டே சொற்கள் எழுதினாள்.

அடுத்த பதினொரு நாட்கள் திலகராணி வாழ்ந்த வாழ்க்கையை வீட்டார் மெச்சினார்கள். காலையும் மாலையும் தவறாமல் செண்பகவல்லிக்குச் சொட்டு மருந்து விட்டாள். அவளுக்குத் தலைவாரிவிட்டாள். கட்டுப் போட்ட கைக்குப் பதிலாகத் தன் கையால் சோறு பிசைந்து கொடுத்தாள். நிலைக்கதவின் விளிம்பில் அடிபடாதிருக்கப் பஞ்சு வைத்துத் தைத்தாள். உடன்பிறந்தவள்கூட இப்படிச் செய்ய மாட்டாள் என்று வேல்சாமி பட்டறையில் சொன்னது அவள் காதுக்கு வந்தது. ஒருநாள் மருந்து விடும்போது செண்பகவல்லி அவள் புடவை முந்தியைப் பிடித்துக்கொண்டு, மதினி மட்டும் இல்லையென்றால் தன் கதி என்னவாகியிருக்கும் என்று கண்ணீர் விட்டாள். விட்ட மருந்து கண்ணீரோடு வழிந்தது. திலகராணி மறுபடியும் ஒரு சொட்டு விட்டாள்.

பதிவேட்டை அழிக்க அவளால் முடியும். ஓர் ஆண்டு கடந்த பதிவுகளைக் களையும் அதிகாரம் இரண்டாம் சாளரத்துக்கு உண்டு. இன்னும் ஐந்து மாதம் பொறுத்தால் போதும். அதற்குப் பின் மறுப்புகளும் இல்லை, நலவினாவும் இல்லை. மறுதலையாக, மூடிய வினாவை மறுபடி திறந்தால் மதுரைத் தலைமை நிலையத்துக்குத் தானாகவே தகவல் போய்விடும். கணக்கை வீட்டார் நால்வர் பயன்படுத்தியதும் தெரியவரும். சான்று கொடுப்பவளே விதியை மீறினால் வேலை நிலைக்காது. இவ்விரண்டையும் அவள் மாற்றி மாற்றி எண்ணினாள். ஆயினும் அவளை அரித்தது வேலை அன்று. அந்த வீட்டில் பதில் கிடைத்த அன்று மரியபுஷ்பம் என்ன செய்திருப்பாள் என்பதே. 'பயனர் நலம்' என்பதைப் படித்துவிட்டு, அப்பாடா என்று மூச்சுவிட்டிருப்பாள். அதனால்தான், பதிலுக்காக நிறுத்தி வைத்திருந்தவள் மறுபடி எதையும் அனுப்பவில்லை. அந்த மறுப்புகளும் அவ்விரண்டு சொற்களும் சேர்ந்து இரண்டு பெண்களுக்குப் பொய் நிம்மதியைக் கொடுத்தன.

பன்னிரண்டாம் நாள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, அலுவலக மடிக்கணினியோடு நண்பகலில் வீட்டுக்கு வந்தாள். வேல்சாமி பட்டறையிலும் யாழிசை கல்லூரியிலும் இருந்தார்கள். செண்பகவல்லி முன்னறையில் அமர்ந்து, பாசிமணிகளை இடக்கை விரலால் தடவித் தடவி அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். காலடி ஓசையை வைத்தே மதினி என்று அறிந்து, ஏன் இந்நேரத்தில் என்று வினவினாள்.

திலகராணி எதிரே தரையில் அமர்ந்தாள். எவ்விதமாகத் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. ஆகவே பதிவேட்டில் உள்ளபடியே தேதிகளைச் சொன்னாள். எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு மறுத்தாள் என்று வரிசையாகச் சொன்னாள். பிறகு மரியபுஷ்பத்தின் கடிதத்தைப் படித்துக் காட்டினாள். தான் அனுப்பிய பதிலையும் படித்தாள்.

செண்பகவல்லியின் விரல்கள் மணிகளின்மேல் நின்றுபோயின.

"எத்தன தடவன்னு சொன்னீங்க?"

"இருபத்து மூணு."

"இருபத்து மூணு தடவையில ஒரு தடவகூட என்னக் கேக்கணும்னு தோணலயா, மதினி?"

பொய் சொல்வதற்கு அப்போதும் இடமிருந்தது. கேட்க நினைத்தேன், வேலைப் பளுவில் மறந்தேன் என்று சொல்லியிருக்கலாம்.

"தோணல," என்றாள் திலகராணி.

செண்பகவல்லி தலையை மெதுவாக இப்புறமும் அப்புறமும் திருப்பினாள். எஞ்சியிருக்கும் அந்தச் சிறு வட்டத்துக்குள் மதினியின் முகத்தைக் கொண்டுவர முயல்கிறாள் என்பது திலகராணிக்குச் சற்றுப் பின்னரே விளங்கிற்று. கொண்டுவந்து நிறுத்தி, நெடுநேரம் பார்த்தாள். திட்டுவாள், அழுவாள், அண்ணனைக் கூப்பிடுவாள் என்று காத்திருந்த திலகராணிக்கு அந்தப் பார்வையே பொறுக்க முடியாததாக இருந்தது.

"அந்தத் தங்கச்சிமடத்து அம்மா இன்னும் நான் நல்லா இருக்கேன்னுதானே நெனச்சுக்கிட்டு இருக்கும்?"

"ஆமா."

"அப்ப அதுக்குப் பதில் எழுதணும். என்னால எழுத முடியாது, கையும் இல்ல கண்ணும் இல்ல. நான் சொல்லச் சொல்ல நீங்க எழுதுங்க."

வினாவைத் திறந்தால் மதுரைக்குத் தகவல் போய்விடும் என்பதைத் திலகராணி அவளிடம் சொல்லவில்லை. திறந்தாள். திரையின் மூலையில் தகவல் போய்ச் சேர்ந்ததற்கான சிவப்புக்குறி தோன்றியது. செண்பகவல்லி, எழுதுகிறவளுக்கு நேரம் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள்.

"அன்புள்ள அம்மாவுக்கு. எம் பேரு செண்பகவல்லி. கோவில்பட்டி. நீங்க தேடுன ஆளு நாந்தான். இடது கண்ணு போயிருச்சு. வலது கண்ணுக்கு மருந்து விடுறோம், நிக்கும்னு சொல்றாங்க. நீங்க அனுப்புனதுல கொஞ்சம் எனக்குக் கெடச்சுது. நூலத் தொட்டுப் பாத்து அடுக்குறது எப்படின்னு ஒண்ணு இருந்துச்சே, அத நான் மனப்பாடமே பண்ணி வச்சிருக்கேன். மிச்சம் எனக்குக் கெடைக்கல."

திலகராணி ஒரு சொல்லையும் திருத்தாமல் அவ்வாறே எழுதினாள். அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை.

"ஏன் கெடைக்கலன்னு எழுதணும்ல," என்றாள் செண்பகவல்லி. "அத நான் எப்படிச் சொல்ல? எனக்குத் தெரியாது. அது உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே எழுதுங்க."

அவள் மீண்டும் மணிகளைப் பிரிக்கத் தொடங்கினாள். அறையில் அந்தச் சிறு மணிகள் கிண்ணத்தில் விழும் ஒலி மட்டும் கேட்டது. பதினான்கு ஆண்டுகளாகப் 'பயனர்' என்றும் 'உரியவர்' என்றும் எழுதிப் பழகிய திலகராணி, 'நான்' என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தை எழுதுவதற்குக் கால் மணி நேரத்துக்குமேல் எடுத்துக்கொண்டாள். அதன்பின் மற்றவை தாமாக வந்தன. பொருத்தத்தைப் பற்றி எழுதினாள். தொண்ணூற்றொன்றைப் பற்றி எழுதினாள். முதல் வரியோடு மூடிய கடிதத்தைப் பற்றி எழுதினாள். பருத்திப்பால் வாங்கிக் கொடுத்ததையும் விடாமல் எழுதினாள். இறுதியில் தன் முழுப்பெயரையும் இரண்டாம் சாளரம் என்பதையும் இட்டாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"சத்தமா வாசிங்க. எனக்குத் தெரியாதுல்ல."

திலகராணி வாசித்தாள். தன் பெயரையும் வாசித்து முடித்து நிமிர்ந்தாள். செண்பகவல்லியின் முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. வேலைக்கு வந்த ஒரு துணியின் இழையைச் சோதிப்பவளைப்போல் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னொருக்கா வாசிங்க, மதினி," என்றாள். "அந்த 'நான்'ல இருந்து."

திலகராணி திரையை மேலே தள்ளி, அந்த வரியைத் தேடிப் பிடித்து, மறுபடியும் வாசிக்கத் தொடங்கினாள்.